இரு கண்ணிலும் ஒரே பாவை

கண்ணக்கா, 1946–2016. செயற்கைக் கண் செய்பவர்.

முப்பது வயது வரை அவரைப் பல்லக்கா என்றுதான் எல்லோரும் அழைத்தார்கள். கண்ணக்கா ஆனது அதன் பிறகு. இரண்டு பட்டப்பெயரும் அவருடைய கைவேலை தேடித் தந்தவை. முதற்பெயர் போய் இரண்டாவது எவ்வாறு வந்தது என்பதை, நேரில் கண்டதையும் அவர் வாயாலும் அவர் வீட்டார் வாயாலும் கேட்டதையும் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

தந்தை கடிகாரம் பழுது பார்ப்பவர். மகள் பள்ளியிறுதித் தேர்வில் தேறிய ஆண்டே அவர் காலமானார். தாயும் நான்கு வயது இளைய தம்பியும் மகளின் பொறுப்பில் வந்தனர். ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்த பல்செட்டுப் பட்டறையில் அவர் வேலைக்குச் சேர்ந்தார். பட்டறைக்கு இரண்டே அறைகள். ஜன்னல் திட்டில் சுண்ணச் சாந்தில் வார்த்த தாடைகள் வரிசையாக வாய் பிளந்து உட்கார்ந்திருக்கும். தரை, நாற்காலி, கதவின் கைப்பிடி யாவற்றிலும் வெள்ளைத் தூள். பட்டறைக்கு உடையவரைப் பல் முதலாளி என்பார்கள். அவருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. தாமே செய்த செட்டை அணிந்திருந்தார். "போர்டு எதுக்கு? விளம்பரம் வாயிலேயே இருக்கு" என்று வருவோரிடமெல்லாம் சிரித்துக் காட்டுவார்.

அவர் கற்பித்த முதற்பாடம் நாக்கைப் பற்றியது.

"நாக்கு மாதிரி குறை சொல்ற மாமியார் உலகத்துலயே கிடையாது, தெரிஞ்சுக்கோ. மயிரிழை மேடு இருந்தாலும் போதும், நாள் பூரா தடவித் தடவிப் பார்த்துட்டு நம்மகிட்ட சண்டைக்கு அனுப்பும். அதனால சக்கரத்துல வச்சா, எங்க மேடு இருக்கோ அங்க அழுத்து. கட்டை விரலை ஓட்டிப் பாரு. விரல் எங்கயும் நிக்கக் கூடாது."

மெருகுச் சக்கரம் என்பது மின்விசைப் பொறியில் சுழலும் துணிச் சக்கரம். நுரைக்கல் தூளைத் தண்ணீரில் குழைத்து அதில் தடவி, செட்டை அதன்மேல் அழுத்துவார்கள். பல்லக்காவின் வலது கை அந்தப் பாடத்தை விரைவில் கற்றுக்கொண்டது. சில ஆண்டுகளில் கண்ணை மூடிக்கொண்டே மேட்டைக் கண்டுபிடித்துத் தேய்த்து விடும். அவர் செய்த செட்டை ஒருவர்கூடத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. இந்தக் கையே பின்னால் அவரை எவ்வளவு அலைக்கழித்தது என்பதைச் சொல்லத்தான் போகிறேன்.

தம்பி கடைத்தெருவில் ஒரு பெரிய துணிக்கடையில் முன்மேசையில் நின்றார். சட்டைத்துணி, கால்சட்டைத்துணி, திரைத்துணி யாவும் அங்கே உண்டு. அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது: துணியை எடுத்துப் போடுவதற்கு முன் வாங்க வந்தவரின் முகத்தை நேராகப் பார்ப்பார். பார்த்துவிட்டு அவர் உருவிப் போடும் முதல் துணியே பெரும்பாலும் விலையாகிவிடும். "பையன் முகத்தைப் பார்த்தே மீட்டர் போடறான்" என்பார் கடை முதலாளி. இதனாலேயே தம்பிக்கு முன்மேசை கிடைத்தது. அதை நம்பியே திருமணமும் நடந்தது.

1974இல் ஒரு காலை, புதிதாக வந்திறங்கிய துணிப்பொதியைப் பிரிக்கும்போது, இறுக்கிக் கட்டியிருந்த இரும்புப்பட்டை வெட்டியவுடன் துள்ளி வந்து தம்பியின் இடக்கண்ணில் அடித்தது. மருத்துவமனையில் கண்ணை எடுத்துவிட்டார்கள். புண் ஆறியதும், அங்கே பெட்டி நிறைய வைத்திருந்த ஆயத்தக் கண்களில் ஓரளவு பொருந்துவதாக ஒன்றைத் தேர்ந்து வைத்தனுப்பினார்கள். அது சற்றுப் பெரியது. நிறமும் சற்று வெளிறியது. வலக்கண் துணியைப் பார்க்கும்போது அது யாரோ ஒருவருடைய தோளைப் பார்த்தது.

கடை முதலாளி கெட்டவர் அல்லர். மருத்துவச் செலவு முழுவதையும் அவரே ஏற்றார். ஆனால் வாங்க வந்தவர்கள் தம்பியைக் கண்டதும் அடுத்த மேசைக்கு நகர்வதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கொஞ்ச நாள் உள்ள இருப்பா. கிடங்கைப் பார்த்துக்கோ. சம்பளம் அதேதான். கடை முன்பக்கத்தை இடிச்சுக் கட்டப் போறேன்ல, அது திறக்கறதுக்குள்ள நீ சரியாகி வந்துட்டா மேசை உன்னுது. இல்லன்னா என் அக்கா மகன் நிக்கட்டும். நான் எத்தனை நாள் சும்மா வச்சிருக்க முடியும், சொல்லு?"

அன்று மாலை வீட்டில் தம்பி சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

"சம்பளம் அதேதானேங்க, அப்புறம் என்ன?" என்றார் அவர் மனைவி.

"கிடங்குல மூட்டைங்ககிட்டதான் முகத்தைக் காட்டணும். அதுக்கு எனக்கு முகம் எதுக்கு? ஒரு சாக்கை மாட்டிட்டுப் போறேன்."

அக்கா தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். "புதுக் கண்ணு நான் செய்றேன்" என்றார்.

"நீயா? நீ பல்லு செய்றவக்கா!"

"அதே மாவுலதான் அச்சு எடுக்கணும். அதே மெழுகு, அதே அக்ரிலிக். வாய்க்கும் கண்ணுக்கும் எவ்வளவு தூரம்? நாலு விரக்கடை. அவ்வளவு தூரம் ஏற மாட்டேனா?"

பல் முதலாளியிடம் அனுமதி கேட்டபோது அவர் நெடுநேரம் தமது செட்டை நாக்கால் தள்ளித் தள்ளி யோசித்தார். "மதியச் சாப்பாட்டு நேரத்துல செஞ்சுக்கோ. பொருளும் எடுத்துக்கோ. ஆனா பார்த்து செய். பல்லு செய்ற கை. கண்ணு கடிச்சிடப் போகுது."

செயற்கைக் கண் என்றால் முழு உருண்டை என்று பலர் எண்ணுகிறார்கள். அது ஒரு சிப்பி; இமைக்குள் நழுவிச் செருகிக்கொள்ளும் குழிந்த தகடு. முதலில் குழியின் அச்சை எடுக்க வேண்டும். அதைக் கொண்டு மெழுகில் உரு அமைக்க வேண்டும். மெழுகைச் சாந்துக்குள் புதைத்து, உருக்கி எடுத்து, அந்த இடத்தில் அக்ரிலிக் பிளாஸ்டிக்கை நிரப்பிக் கொதிநீரில் வேகவைக்க வேண்டும். கருவிழியைத் தனியே ஒரு சிறு வட்டத்தில் தீட்டிப் பதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே தெளிந்த அக்ரிலிக் ஒரு படலம். கடைசியாக மெருகு.

பல்லக்காவின் முதற்கண் தடித்துப்போய், இமையை மூடவிடவில்லை. இரண்டாவது, பட்டறையின் குழல் விளக்கில் அச்சு அசலாக இருந்தது. வெயிலில் பச்சை அடித்தது. அதிலிருந்து வண்ணம் தீட்டுவதை ஜன்னலோரத்துக்கு மாற்றிக்கொண்டார். மூன்றாவதில் வெண்விழி சுவர் போல வெறுமையாக இருந்தது. தம்பி கிடங்கிலிருந்து சிவப்புப் பட்டுத்துணியின் ஒரு துணுக்கைக் கொண்டு வந்தார்; அக்கா அதன் நூலைப் பிரித்து, பிரித்ததை மேலும் பிரித்து, நரம்புகளாக வெண்விழியில் ஒட்டிப் பதித்தார். "என் கண்ணுல எந்த நரம்பு எங்க ஓடுதுன்னு எனக்கே தெரியாது. இவளுக்குத் தெரியுது" என்றார் தம்பி. அவர் மனைவி உடனே, "அண்ணி, அப்படியே இவருக்கு மூளைக்குள்ள எந்த நரம்பு ஓடுதுன்னும் பார்த்துச் சொல்லிடுங்க" என்றார். விபத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதற்சிரிப்பு அதுதான் என்று கண்ணக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நான்காவது கண்ணில் குறையே தெரியவில்லை. அளவு சரி, நிறம் சரி, வலக்கண் திரும்பினால் அதுவும் ஓரளவு திரும்பியது. தம்பி தாமாகவே போய் முன்மேசையில் நின்றார். திரைத்துணி வாங்க வந்த ஓர் அம்மாள் அவர் விரித்த துணியைக் கையில் பிடித்தபடியே கடை முதலாளியிடம் திரும்பி, "இவர் யாரைப் பார்த்துப் பேசறாரு?" என்று கேட்டார்.

கடை முதலாளி தம்பியைத் தனியே அழைத்தார். "உன் அக்கா செஞ்சதுல ஒரு குறை சொல்ல முடியாதுப்பா. ஆனா நீ பார்க்கிறப்ப ஒரு பக்கம் ஜன்னல் திறந்திருக்கு, ஒரு பக்கம் சாத்தியிருக்கு. என்னன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

எவருக்கும் சொல்லத் தெரியவில்லை. பல் முதலாளி பார்த்தார். கண் மருத்துவரும் பார்த்துவிட்டு, இதைவிட நன்றாகச் செய்ய முடியாது என்றார். தம்பி கிடங்குக்குத் திரும்பினார். கடையின் முன்பக்கத்தில் சாரம் கட்டியாயிற்று. "விட்டுடுக்கா" என்றார் தம்பி. "நான் மூட்டையோட பேசக் கத்துக்கிட்டேன்."

அக்கா விடவில்லை.

அக்காலத்தில் நான் பொது நூலகத்தில் அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் உள்ள பகுதிக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். ஒரு சனிக்கிழமை பல்லக்கா கைப்பையோடு என் மேசைக்கு வந்தார். அக்ரிலிக் விற்கும் அயல்நாட்டு நிறுவனம் ஒன்று பொருளோடு வைத்து அனுப்பும் ஆங்கிலத் துண்டுப் புத்தகம் அவர் கையில் இருந்தது. செயற்கைக் கண்ணுக்கு வண்ணம் தீட்டுவது பற்றியது. பள்ளியில் படித்த ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, சொல் சொல்லாக அகராதியில் பார்த்து, அதை முழுவதும் படித்திருந்தார்.

"சார், பியூப்பில்னா ஸ்டூடண்ட்தானே? எங்க பள்ளிக்கூடத்துல மார்க் அட்டையில அப்படித்தான் போட்டிருக்கும்."

"ஆமாம்மா."

"இதுல பியூப்பிலை நல்லா கறுப்பா அடின்னு போட்டிருக்கு. எங்க வாத்தியாருக்கு அதைச் சொல்லித் தரவே வேணாம்."

நான் சிரித்துவிட்டு, கண்ணின் நடுவிலுள்ள கரிய வட்டத்துக்கும் அதே பெயர்தான் என்று சொல்லத் தொடங்கினேன்.

"அது தெரியும் சார், நாலு கண்ணு செஞ்சிருக்கேன். எனக்கு அது ஏன்னு தெரியணும். கறுப்பு வட்டத்துக்கு எதுக்கு இப்படி ஒரு பேரு? இந்தக் கண்ணுல எனக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு இருக்கு. என்னன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் எதையும் கேட்காம விடப் போறதில்ல."

சொற்களின் பிறப்பைக் கூறும் பேரகராதியை எடுத்து வந்து அவர் முன் விரித்தேன். அதில் கண்டதை அவருக்குச் சொன்னவாறே இங்கும் சொல்லி விடுகிறேன். லத்தீன் மொழியில் பூப்பா என்றால் சிறுமி, பொம்மை. அதன் குறுமை வடிவம் பூப்பில்லா. அதாவது சின்னஞ்சிறு சிறுமி, சின்னஞ்சிறு பொம்மை. பெற்றோரை இழந்து பிறர் பொறுப்பில் வளரும் பெண் குழந்தையையும் அச்சொல் குறித்தது. அதன் ஆண்பால் பூப்பில்லுஸ். ஆங்கிலத்தில் முதலில் அந்தப் பொருளோடு புகுந்த சொல், பின்னர் ஆசிரியர் பொறுப்பில் இருக்கும் பிள்ளைக்கு ஆயிற்று. கண்ணின் கரிய வட்டத்துக்கும் ரோமானியர் பூப்பில்லா என்றே பெயரிட்டனர். காரணம் எளியது. ஒருவருடைய கண்ணுக்கு மிக அருகே சென்று பார்த்தால், பார்ப்பவரின் உருவமே அந்தக் கருமையின்மேல் ஒரு சிறு பொம்மையாகத் தெரிகிறது. கிரேக்கரும் தம் மொழியில் சிறுமி என்ற சொல்லாலேயே அதை அழைத்தனர்.

பல்லக்கா விரலை அந்தப் பக்கத்தின்மேல் வைத்தபடி இருந்தார்.

"சார், நாமளும் பாவைன்னுதானே சொல்றோம்?"

அது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. தமிழிலும் பாவை என்பது பொம்மை, பாவை என்பது பெண், பாவை என்பது கண்ணின் மணி. ஒரு மொழி மற்றொன்றிடம் இரவல் வாங்கியதற்குச் சான்று ஏதும் நான் கண்டதில்லை. கண்ணுக்குள் எட்டிப் பார்த்த மனிதர்கள் எங்கிருந்தாலும் ஒன்றையே கண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"அப்போ அவங்க கறுப்புக்குப் பேரு வைக்கல சார். அதுமேல தெரியுற ஆளுக்குத்தான் பேரு வச்சிருக்காங்க" என்றார் மெதுவாக. பிறகு சட்டென்று, "சார், கண்ணாடியக் கழட்டுங்க" என்றார்.

"எதுக்கும்மா?"

"கழட்டுங்க சார். ஜன்னல் பக்கம் திரும்புங்க. அசையாதீங்க. இமைக்காதீங்க."

கழற்றினேன். ஒரு பெண்மணி என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து என் கண்ணுக்குள் உற்றுப் பார்த்ததை வாசகர் கூடமே பார்த்தது. எதிர்மேசையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த பெரியவர் இருமினார். யாரும் பொருட்படுத்தாததால் மீண்டும், சற்று உரக்க இருமினார்.

"இருக்கு சார்" என்றார் பல்லக்கா. "பை மாட்டிக்கிட்டு, சின்னதா, நேரா நிக்கிறேன். ஜன்னல் கம்பிகூடத் தெரியுது." கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். துண்டுப் புத்தகம் என் மேசையிலேயே கிடந்தது.

அவர் நேரே வீட்டுக்குப் போய்த் தம்பியை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்தார். வலக்கண்ணில் ஒரு சிறிய அக்கா, தெளிவாக. இடக்கண்ணில் அவரைக் காணோம். இன்னும் உற்றுப் பார்த்தால் ஏதோ ஒன்று பெருத்து, அகன்று, ஓரம் மங்கி, சப்பையாகப் படர்ந்திருந்தது. கறுப்பு வட்டத்தின் அளவையும் இடத்தையும் அவர் பிழையின்றித் தீட்டியிருந்தார். ஆனால் பாவை தீட்டி வருவதன்று, மேற்பரப்பு கொடுப்பது. கருவிழியின் மேல் கண் சற்றே புடைத்திருக்கும். அந்தப் புடைப்புத்தான் எதிரில் உள்ளவரைச் சிறிதாக்கிக் கூர்மையாக்கிக் காட்டுகிறது.

அந்தப் புடைப்பை அவர் மெழுகில் வைத்திருந்தார். அச்சிலும் இருந்தது. அக்ரிலிக்கிலும் இருந்திருக்க வேண்டும். தம்பியின் கண்ணைக் கழற்றிக் கையில் வாங்கி, கட்டை விரலை அதன்மேல் ஓட்டினார். விரல் எங்கும் நிற்கவில்லை.

"அடப்பாவி!" என்று கத்தியேவிட்டார்.

தம்பி மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்தார். "என்ன அண்ணி? உடைஞ்சிடுச்சா?"

"உடையல. நான்தான் தேச்சிருக்கேன். மேடு கண்ட இடத்துல அழுத்துன்னு சொல்லிச் சொல்லி வளர்த்த கை. நாக்குக்கு உறுத்தக் கூடாதுன்னு நாலு கண்ணையும் தேச்சு மட்டமாக்கியிருக்கு. கண்ணுக்குள்ள ஏதும்மா நாக்கு?"

பல்செட்டு செய்பவரைத் தவிர வேறு எவரும் செய்திருக்க முடியாத பிழை அது. காரணம் தெரிந்தபின் திருத்துவது எளிது என்று தோன்றும். ஐந்தாவது கண்ணை வார்த்து, புடைப்பைக் காக்க வேண்டும் என்ற நினைவோடுதான் சக்கரத்தில் வைத்தார். எடுத்துப் பார்த்தால் மட்டமாகவே இருந்தது. ஆறாவதிலும் அப்படியே. தலை சொன்னதை வலது கை கேட்கவில்லை. மேட்டைக் கண்டவுடன் தானாகவே அழுத்தியது. இதற்குள் துணிக்கடையின் முன்பக்கத்துக்குக் கண்ணாடி பொருத்தத் தொடங்கியிருந்தார்கள். கடை முதலாளியின் அக்கா மகன் புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டான் என்று தம்பி மனைவி விசாரித்துக்கொண்டு வந்து சொன்னார்.

பல் முதலாளி பரிவோடு சொன்னார்: "பத்து வருஷப் பழக்கம்மா அது. மறக்கிறதுக்கும் பத்து வருஷம் ஆகும்."

"மறக்கடிக்க எனக்கு நேரமில்ல முதலாளி. வலது கைக்குத் தெரிஞ்சது அதோட இருக்கட்டும். இந்தப் பக்கத்துக்குப் பல்லுன்னா என்னன்னே தெரியாதே" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினார் பல்லக்கா.

அன்றிலிருந்து மதிய நேரங்களில் இடது கையால் மெருகிடப் பழகினார். வலது கை குறுக்கே வந்து உதவாதிருக்க அதை முழங்கைவரை முந்தானையில் சுற்றிக்கொள்வார். இடது கைக்குச் சக்கரத்தின் வேகமே புரியவில்லை. விரல் நகம் தேய்ந்தது. ஒரு கண் பிடியிலிருந்து பறந்து அலமாரிக்கடியில் போய், இன்றுவரை கிடைக்கவில்லை. மற்றொன்று சுவரில் மோதித் திரும்பிப் பல் முதலாளியின் தேநீர்க் கோப்பையில் விழுந்தது. அவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, டீ என்னை முறைக்குது?"

"மன்னிச்சுக்கோங்க முதலாளி. வேற டீ வாங்கித் தர்றேன்."

"அது கிடக்கட்டும். இதுல நான் தெரியறனா பாரு முதல்ல."

துடைத்துப் பார்த்தார்கள். கோணலாக இருந்தாலும் தெரிந்தார். பல்லோடு தெரிந்தார். அந்தக் கண் விளிம்பு உடைந்து போயிருந்தது. ஆயினும் இடது கை சரியான வழியில் போகிறது என்பதற்கு அதுவே முதற்சான்று. அழுத்தாமல், ஓட்டிக்கொண்டு போக வேண்டும். புடைப்பைச் சுற்றிச் செல்ல வேண்டும், அதன்மேல் ஏறக் கூடாது. வலது கை ஒருபோதும் செய்யாததை, ஒன்றும் அறியாத அந்தக் கை மெல்லக் கற்றது.

புதிய முன்பக்கம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, எண்ணிக்கை தவறிப்போன ஏதோ ஒரு கண்ணைத் தம்பிக்குப் பொருத்தினார். தாம் பார்க்கவில்லை. தம்பி மனைவியைக் கூப்பிட்டு, "நீ பாரு. நான் பார்த்தா எனக்கு ஆசையில தெரியும்" என்றார்.

தம்பி மனைவி கணவரின் முகத்துக்கருகே குனிந்து ஒரு கண்ணைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், மறுபடியும் முதற்கண்ணுக்கு வந்தார்.

"என்னடி, துணியில ஓட்டை பார்க்கிற மாதிரி பார்க்கிறே? ஏதாவது சொல்லேன்" என்றார் தம்பி.

"ரெண்டுலயும் நான் இருக்கேன்" என்றார் அவர். "ரெண்டுலயும் தலை கலைஞ்சிருக்கு. சொல்லக் கூடாதா யாராவது?" அப்படியே உட்கார்ந்து கூந்தலைச் சரிசெய்துகொண்டார், கணவரின் இடக்கண்ணைப் பார்த்தபடியே.

திறப்பு நாளன்று பல்லக்கா கடைக்குப் போகவில்லை. பட்டறையில் ஒரு கீழ்த்தாடைச் செட்டுக்கு வலது கையால் மெருகிட்டுக்கொண்டிருந்தார். நண்பகலுக்குச் சற்று முன் தம்பி மனைவி படியேறி ஓடி வந்தார், மூச்சு வாங்கியது.

"அண்ணி, கடையில ஒருத்தன் இவர்கூட சண்டை போட்டான்!"

பல்லக்கா சக்கரத்தை நிறுத்தினார். "எதுக்கு?"

"கால்சட்டைத்துணி வாங்க வந்தவன். விலை சொன்னதும் குறைச்சுக் கேட்டான். இவர் ஒண்ணும் பேசாம அவன் முகத்தையே பார்த்திருக்காரு. 'என்னங்க, அப்படி மேலயும் கீழயும் பார்க்கிறீங்க? என்னைப் பார்த்தா வாங்குற ஆளா தெரியலையா?'ன்னு கத்துறான்!"

"தம்பி எந்தக் கண்ணால பார்த்தான்னு அவன் சொன்னானா?"

"அதைத்தான் அண்ணி அவன் சொல்லல! அவனுக்குத் தெரியவே இல்ல!"

"தம்பி என்ன பண்ணான்?"

"சிரிக்கிறாரு. அவன் திட்டத் திட்டச் சிரிக்கிறாரு. முதலாளி வந்து சமாதானம் பண்ணி, அவனுக்கு ரெண்டு கால்சட்டைக்குத் துணி வித்துட்டாரு. தன் அக்கா மகனைக் கிடங்குக்குப் போகச் சொல்லிட்டாரு."

பல் முதலாளி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அந்தப் புதுச் சட்டை என்னாச்சு?"

"அதைப் போட்டுக்கிட்டேதான் மூட்டை தூக்குறான்" என்றார் தம்பி மனைவி.

தம்பி அந்த முன்மேசையில்தான் ஓய்வு பெறும் வரை நின்றார்.

இந்த விவரம் அறிந்த கண் மருத்துவர் முதலில் ஒருவரை அனுப்பினார், பிறகு பலரை. பல் முதலாளி இரண்டாம் அறையைக் கண் வேலைக்கென்றே ஒழித்துக் கொடுத்தார். ஓரிரு ஆண்டுகளில் தெருவில் பல்லக்கா என்ற பெயரை யாரும் சொல்லவில்லை. கண்ணக்கா என்றே வழி காட்டினார்கள். பல்செட்டு வேலையையும் அவர் விட்டுவிடவில்லை. பல்லுக்கு வலது கை, கண்ணுக்கு இடது கை என்ற பிரிவு கடைசிவரை மாறவில்லை.

ஒரு கண்ணை ஒப்படைக்குமுன் அவர் செய்யும் சோதனையைப் பலர் ஏதோ சடங்கு என்று நினைத்தார்கள். வந்தவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, எதிரே தாமும் அமர்ந்து, ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு மாறி மாறிப் பார்ப்பார். இரண்டு பாவைகளும் ஒரே அளவில், ஒரே நேராக நிற்காவிட்டால் கண்ணைக் கழற்றி வாங்கிக்கொள்வார். ஒரு லாரி ஓட்டுநர், தொலைவூருக்குச் சரக்கோடு கிளம்ப வேண்டியவர், பொறுமையிழந்து கேட்டார்: "நல்லாத்தானேக்கா இருக்கு! குடுங்க, போறேன். அதுக்குள்ள என்னதான் தேடுறீங்க?"

"என்னைத்தான். ஒரு பக்கம் நல்லா இருக்கேன், ஒரு பக்கம் குண்டா இருக்கேன். நாளைக்கு வாங்க."

ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டே மறுநாள் வந்தார். அன்றும் திருப்பி அனுப்பினார். அதற்கடுத்த நாள்தான் கொடுத்தார். பின்னர் அதே ஓட்டுநர் தம் ஊரிலிருந்து மூவரை அழைத்து வந்து, "நாளைக்கு வான்னு அக்கா சொன்னா போயிட்டு வாங்க. தர்க்கம் பண்ணாதீங்க" என்று படியிலேயே எச்சரித்ததாகச் சொல்வார்கள்.

அந்தப் பேரகராதி பின்னாளில் நூலகத்தில் கழிவுக்கு வந்தபோது நான் விலை கொடுத்து வாங்கி அவருக்கு அனுப்பினேன். அதை அவர் படித்தாரா என்று எனக்குத் தெரியாது. பட்டறைக்குப் போனபோது பார்த்தேன்: ஜன்னலோர நாற்காலியில், உயரம் குறைந்தவர்கள் வெளிச்சத்துக்கு நேராக உட்காரும்படி அடியில் வைத்திருந்தார்.

செயற்கைக் கண் என்றைக்கும் ஒன்றே பொருந்தாது. வயதாக ஆகக் குழி மாறும், சில ஆண்டுகளுக்கொரு முறை புதிது செய்ய வேண்டும். தம்பிக்குச் செய்த ஒவ்வொரு கண்ணும் அக்கா கையால் ஆனது. கடைசிக் கண்ணைச் செய்தபோது அவருக்கு வலது கை நடுங்கத் தொடங்கியிருந்தது. இடது கை நடுங்கவில்லை. 2016 மார்ச் 9, புதன்கிழமை காலை, அதற்கு மெருகிட்டு முடித்துத் தம்பிக்குப் பொருத்தி, ஜன்னலோரம் எதிரெதிரே அமர்ந்து, இரண்டு கண்ணிலும் தம்மைப் பார்த்துக்கொண்டார்.